மண்டையிடியின் ரசாயனம்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். காய்ச்சலைப் பொறுத்தவரை இந்தப் பழமொழி இப்போது செல்லாது. நாக்கின் அடியில் ஒரு தெர்மாமீட்டரை வைத்தால், பிறருக்கு வந்த காய்ச்சலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் தலைவலியை அளப்பதற்கு இன்று வரையில் ஒரு கருவி கிடையாது. "எனக்குத் தலை வலிக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அதை நம்புவதும் நம்பாமல் விடுவதும் கேட்பவருடைய இஷ்டம்.

என் அம்மா சொன்னதை எங்கள் வீட்டில் வெகு காலம் யாரும் நம்பவில்லை. மாதத்தில் மூன்று நாலு நாட்கள் அவள் ஈரத் துணியை நெற்றியில் இறுகக் கட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுவாள். தட்டு விழுகிற சத்தம் கேட்டாலும் முகத்தைச் சுளிப்பாள். தாளிக்கிற வாசனை வந்தால் வாந்தி எடுப்பாள். "வீட்டுக்கு விருந்தாள் வார அன்னைக்குத்தான் இவளுக்கு மண்டையிடியும் வரும்" என்று திண்ணையில் இருந்தபடியே ஆச்சி சொல்லுவாள். நானும் அதை அரைகுறையாக நம்பினவன்தான் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

டில்லிக்கு மேல்படிப்புக்கு வந்த இரண்டாம் வருஷம், ஏப்ரல் மாத வெயிலில், அந்த மண்டையிடி என்னைத் தேடி வந்தது. சோதனைச் சாலையில் 96 குழிகள் உள்ள தட்டு ஒன்றில் சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று மூன்றாவது வரிசைக் குழிகள் காணாமற் போயின. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். காணாமற் போன இடத்தின் ஓரத்தில் கோட்டை மதில் போன்ற ஒரு வளைவு, பல்பல்லாக, மினுமினுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அது மெள்ள மெள்ள விரிந்து, பார்வையின் விளிம்புக்குப் போய் மறைந்தது. எல்லாம் சுமார் இருபத்தைந்து நிமிஷம். அதற்கப்புறம் வந்தது வலி. பொறுப்பில் இருந்தவர், "இராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டு வர வேண்டும்" என்று புத்தி சொல்லி அனுப்பினார். விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தபோது எனக்கு அம்மாவின் நினைவு வந்தது.

ஜீவ ரசாயனம் படிக்கிற மாணவன் ஆதலால், வலி தணிந்ததும் நான் முதலில் ஓடியது நூலகத்துக்குத்தான். அங்கே தெரிந்துகொண்டவற்றையே இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன். நம் விடுதிகளில் இரவு பத்து மணிக்கு மேல் மிக அதிகமாகக் கடன் வாங்கப்படும் பொருள் தலைவலி மாத்திரைதான். ஆகவே இது என் ஒருவன் சமாசாரம் அல்ல. பெங்களூர் 'நிம்ஹான்ஸ்' நிலையத்தார் அந்நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று விசாரித்து 2015-ல் வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் மைக்ரேன் வந்திருந்தது. ஆண்களைவிடப் பெண்களே இதனால் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்ற கிரேக்க வைத்தியர் இதற்குப் 'பாதி மண்டை' என்று பொருள்படும் 'ஹெமிக்ரேனியா' என்ற பெயரைக் கொடுத்தார். அது பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து 'மைக்ரேன்' ஆயிற்று. நம்முடைய 'ஒற்றைத் தலைவலி'யும் அதையேதான் சொல்லுகிறது. ஆனால் பெயரை நம்பி ஏமாறக் கூடாது. பலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். மருந்து சாப்பிடாவிட்டால் நாலு மணி முதல் மூன்று நாள் வரை நீடிப்பது, தெறிப்பது, படி ஏறினால் அதிகமாவது, குமட்டுவது, வெளிச்சமும் ஓசையும் ஆகாமற் போவது, இவைதான் இதன் அடையாளங்கள்.

நான் கண்ட கோட்டை மதிலிலிருந்து தொடங்குவோம். நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் இந்த முன்காட்சி வரும். ஹார்வர்டு சர்வகலாசாலையில் மனோதத்துவ ஆசிரியராக இருந்த கார்ல் லாஷ்லி என்பவருக்கும் அது வந்துகொண்டிருந்தது. அவர் சும்மா இருக்கவில்லை. கையில் தாளையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, அந்த வளைவு எப்படி எப்படி விரிகிறது என்பதை நிமிஷத்துக்கு நிமிஷம் படம் வரைந்தார். பார்வைக்குரிய மூளைப் பகுதியின் அளவோடு ஒப்பிட்டு, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்து செல்கிறது என்று 1941-ல் கணக்குச் சொன்னார். மூன்று வருஷங்களுக்குப் பின், அதே ஹார்வர்டில், பிரேஸில் தேசத்திலிருந்து வந்து டாக்டர் பட்டத்துக்குப் படித்த அரிஸ்டிடிஸ் லியாவ் என்ற மாணவர், முயலின் மூளையில் காக்கை வலிப்பைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் தேடியது கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, மூளையில் ஓரிடத்தைத் தூண்டினால் அங்கே மின்சாரச் செயல் அடங்கிப் போவதையும், அந்த மௌனம் குளத்து அலை போல நாற்புறமும் பரவுவதையும் கண்டார். அதன் வேகம் லாஷ்லியின் கணக்குக்கு ஒத்திருந்தது! தேடாதது கிடைத்தால் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கதையை என் சக மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு. மனித மூளையிலேயே இந்த அலை ஓடுவதைப் பாஸ்டன் நகரில் 2001-ல் காந்தப் படக் கருவி கொண்டு பார்த்துவிட்டார்கள்.

இந்த அலை முழுக்க முழுக்க ரசாயனம். சாதாரணமாக நரம்பணுவின் உள்ளே பொட்டாசியம் மிகுதியாகவும், வெளியே லிட்டருக்கு 3 மில்லிமோல் அளவிலும் இருக்கும். அலை வரும்போது வாயில்கள் திறந்து, வெளியே உள்ள அளவு 30-க்கும் மேல் போய்விடுகிறது. கூடவே குளுட்டமேட் என்ற கிளர்ச்சிப் பொருளும் கொட்டுகிறது. இரண்டும் பக்கத்து அணுவைக் கிளப்ப, அதுவும் தன் சரக்கைக் கொட்ட, தீ தாவுவது போல இது தாவுகிறது. தீ எரிந்த இடத்தில் சிறிது நேரத்துக்கு எதுவும் முளைக்காதது போல, அணுக்கள் சில நிமிஷம் வாய் அடைத்துப் போகின்றன. என் தட்டில் காணாமற் போன குழிகள் தட்டிலிருந்து போகவில்லை; அவற்றைப் பார்க்க வேண்டிய அணுக்கள்தாம் விடுப்பில் போயிருந்தன.

ஆனால் இந்த அலை வலி அல்ல. மூளைக்கே வலி தெரியாது. நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் சத்திர சிகிச்சை செய்கிறார்கள் அல்லவா? வலியை உணர்வன மூளையைப் போர்த்திய உறைகளும் அவற்றில் ஓடும் ரத்தக் குழாய்களுமே. முகத்துக்கும் நெற்றிக்கும் வருகிற முப்பிரிவு நரம்பின் கிளைகள் அங்கேயும் போய்ப் படர்ந்திருக்கின்றன.

அந்த ரத்தக் குழாய்கள்தான் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டன. 1938-ல் நியூயார்க்கில் ஜான் கிரஹாம், ஹெரால்டு வுல்ப் என்ற இரு மருத்துவர்கள், தலைவலியோடு வந்தவர்களின் நெற்றிப்பொட்டில் துடிக்கும் நாடியை ஒரு கருவியால் பதிவு செய்துகொண்டே, எர்காட்டமின் என்ற மருந்தை ஊசி மூலம் ஏற்றினார்கள். நாடியின் துடிப்புக் குறையக் குறைய வலியும் குறைந்தது. வரைபடத்தில் இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்கின. குழாய் விரிகிறது, வலிக்கிறது. மருந்து அதைச் சுருக்குகிறது, வலி போகிறது! இவ்வளவு எளிமையான, கண்ணுக்குத் தெரிகிற விளக்கத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்? பல தலைமுறை மருத்துவர்கள் இதையே படித்தார்கள்.

எர்காட்டமின் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரை என்ற தானியக் கதிரில் பிடிக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து 1918-ல் ஸ்விட்ஜர்லாந்தில் பிரித்தெடுத்தார்கள். நம் ஊர்க் கம்புக் கதிரில் வருகிற தேன் ஒழுகல் நோய்க்குக் காரணமான பூஞ்சை இதன் பங்காளிதான். நூறு வருஷம் கழித்தும் இந்தச் சரக்கு நம் மருந்துக் கடைகளில் இருக்கிறது. பாராசிட்டமாலும், காபியில் உள்ள காபீனும் சேர்த்த தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் இதுவும் ஒரு கூட்டாளி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

வுல்பின் விளக்கம் ஏன் நிலைக்கவில்லை? கருவிகள் நுட்பமாயின. 2013-ல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள், வலி வந்த நேரத்திலேயே நோயாளிகளைக் காந்தப் படக் கருவிக்குள் படுக்க வைத்துப் பார்த்தபோது, மண்டையோட்டின் வெளியே உள்ள நாடிகள் விரியவே இல்லை. உள்ளே உள்ளவை சிறிதளவு விரிந்திருந்தன, அவ்வளவுதான். இவ்வளவு வேதனைக்கு அந்த விரிவு போதாது. குழாய் குற்றவாளி இல்லை. குற்றம் நடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்த சாட்சி என்று ஆயிற்று.

இப்போது ஸெரடோனினுக்கு வருவோம். 1948-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் ரப்போர்ட், கிரீன், பேஜ் என்ற மூவர், உறைந்த ரத்தத்தின் தெளிநீரில் குழாய்களை இறுக்கும் பொருள் ஒன்றைப் பிரித்து, ஸெரடோனின் என்று பெயர் வைத்தார்கள். இத்தாலியில் எர்ஸ்பாமர் என்பவர் குடலில் அதற்கு முன்பே கண்டெடுத்து வேறு பெயர் சூட்டியிருந்த சரக்கும் இதுவே என்று பிறகு தெரிந்தது. உடம்பிலுள்ள ஸெரடோனினில் நூற்றுக்கு 90 பங்கு குடலில்தான் இருக்கிறது. கடற்சிப்பியின் தசையில் இதைப் பற்றி ஆராய்ந்து வந்த பெட்டி ட்வாராக் என்ற இளம் பெண்மணி, பேஜுடன் சேர்ந்து 1953-ல் மூளையிலும் இது இருப்பதைக் காட்டினார்.

மைக்ரேனோடு இதை முடிச்சுப் போட்டதில் நம் நாட்டுச் செடி ஒன்றுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாம்புக் கடிக்கும் பைத்தியத்துக்கும் நம் வைத்தியர்கள் கொடுத்து வந்த அந்த வேரிலிருந்து ரிஸர்பைன் என்ற பொருளை 1952-ல் பிரித்தார்கள். அது உடம்பிலுள்ள ஸெரடோனினை அதன் சேமிப்பறைகளிலிருந்து வெளியேற்றிக் கரைத்துவிடும். 1960-ல் அமெரிக்க மருத்துவர்கள் மைக்ரேன் உள்ளவர்களுக்கு ரிஸர்பைன் கொடுத்தபோது தலைவலி வந்தது. ரத்த நாளத்தில் ஸெரடோனினை ஏற்றியபோது தணிந்தது. மறு வருஷம் பிளாரன்ஸ் நகரத்து ஸிக்கூட்டரி, வலி வரும் நாளில் ஸெரடோனின் சிதைந்து உண்டாகும் கழிவு சிறுநீரில் கூடுவதைக் கண்டார். 1967-ல் ஸிட்னியில் லான்ஸும் அவர் தோழர்களும், வலியின்போது ரத்தத்தில் ஸெரடோனின் அளவு இறங்குவதை அளந்து காட்டினார்கள்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு, "மைக்ரேன் என்றால் மூளையில் ஸெரடோனின் குறைவு" என்று ஒரு சூத்திரத்தைச் சிலர் சொல்லுகிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதற்கில்லை. ரத்தத்திலுள்ள ஸெரடோனின் பெரும்பாலும் அங்குள்ள தட்டணுக்களின் சொத்து. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு காவல் சுவர் இருக்கிறது. அதை ஸெரடோனின் தாண்டாது. வாழைப்பழத்தில்கூட ஸெரடோனின் உண்டு. ஆனால் ஒரு சீப்பு சாப்பிட்டாலும் அதில் ஒரு துளி மூளைக்குப் போய்ச் சேராது. மூளை தனக்கு வேண்டியதை, பாலிலும் பருப்பிலும் உள்ள ட்ரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. ரத்தத்தில் அளந்ததை மூளையின் அளவாக எடுத்துக்கொள்வது, தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதால் பக்கத்து வீட்டுக் கிணறு வற்றிவிட்டது என்று சொல்வதைப் போன்றது.

ஆயினும் சூத்திரம் பிழையாக இருந்தபோதிலும் அதிலிருந்து மருந்து பிறந்தது. ஸெரடோனினையே மருந்தாகக் கொடுக்க முடியாது. மயக்கம், படபடப்பு என்று உடம்பு முழுவதும் தொல்லை. ஆனால் அது போய் ஒட்டுகிற ஏற்பிகள் ஒரே வகை அல்ல. இன்று ஏழு குடும்பங்களாக அவற்றைப் பிரித்திருக்கிறார்கள். ஒரு சாவி, பல பூட்டுக்கள். 1972-ல் இங்கிலாந்தில் பாட்ரிக் ஹம்ப்ரி என்பவரின் குழுவினர், தலையின் ரத்தக் குழாய்களில் உள்ள பூட்டை மட்டும் திறக்கிற சாவியைச் செய்யப் புறப்பட்டார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது வுல்பின் விளக்கமே. ஏறத்தாழ இருபது வருஷ உழைப்புக்குப் பின், 1991-ல் ஸுமட்ரிப்டான் விற்பனைக்கு வந்தது. மைக்ரேனுக்கென்றே திட்டமிட்டுச் செய்த அந்த மருந்து பலருக்குப் பலித்தது. அப்புறம்தான் வேடிக்கை. அந்தப் பூட்டு குழாய்ச் சுவரில் மட்டும் அல்ல, முப்பிரிவு நரம்பின் நுனிகளிலும் இருக்கிறது என்று தெரிய வந்தது. நரம்பு நுனியில் அந்தப் பூட்டைத் திறந்தால், நுனியிலிருந்து வெளிவரும் வேறொரு பொருள் நின்றுவிடுகிறது. குழாய்களைச் சுருக்காமல் நரம்பை மட்டும் தொடுகிற லாஸ்மிடிடான் என்ற மருந்து 2019-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றபோது, சந்தேகத்துக்கு அதிக இடம் இல்லாமற் போயிற்று.

நின்றுபோகிற அந்த வேறொரு பொருள் எது? அதன் முழுப் பெயர் வாயில் நுழையாது, சி.ஜி.ஆர்.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். 37 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சிறு மாலை. கழுத்துச் சுரப்பியில் கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் செய்கிற அதே மரபணு, நரம்பில் இருக்கும்போது தன் பாடத்தை வேறு விதமாக வெட்டி ஒட்டி இந்த மாலையைத் தொடுக்கிறது என்பதை 1982-ல் கண்டுபிடித்தார்கள். வலி நரம்பு குழாயோடு பேசுகிறது என்ற கருத்தை 1979-லேயே மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் சொல்லியிருந்தார். பேசுகிற மொழி எது என்பதை ஸ்வீடன் தேசத்து எட்வின்ஸனும், ஆஸ்திரேலியரான கோட்ஸ்பியும் காட்டினார்கள். வலியில் துடிப்பவர்களின் கழுத்து நாளத்திலிருந்து, அதாவது தலையிலிருந்து இறங்கி வருகிற ரத்தத்திலிருந்து, மாதிரி எடுத்து அளந்தபோது சி.ஜி.ஆர்.பி. கூடியிருந்ததாக 1990-ல் எழுதினார்கள். ஸுமட்ரிப்டான் கொடுத்து வலி தணிந்ததும் அளவும் தணிந்தது என்றார்கள். ஆனால் கூடியிருப்பது காரணமா, விளைவா? டென்மார்க்கில் ஓலஸன் குழுவினர் 2002-ல் அதற்கு விடை தேடினார்கள். மைக்ரேன் உள்ளவர்கள் சிலர் மனமுவந்து முன்வர, நாளத்தின் வழியே சி.ஜி.ஆர்.பி.யை ஏற்றினார்கள், பலருக்குத் தலைவலியும், சில மணி நேரம் கழித்துச் சிலருக்கு அசல் மைக்ரேனும் வந்தன. வெறும் உப்புநீர் ஏற்றிய நாளில் அப்படி வரவில்லை. 2018-ல் அந்தப் பொருள் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகிற தடுப்பு ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாஸ்கோவிட்ஸ், எட்வின்ஸன், கோட்ஸ்பி, ஓலஸன் நால்வருக்கும் 2021-ல் 'மூளைப் பரிசு' கிடைத்தது.

இந்த ஊசி எல்லாருக்கும் பலிப்பதில்லை. ஆகவே சி.ஜி.ஆர்.பி. ஒன்றே முழுக் கதை அல்ல. பாக்காப் என்ற இன்னொரு பெப்டைடை மடக்கும் மருந்து 2023-ல் வெளியான ஒரு சோதனையில் ஓரளவு பலன் தந்திருக்கிறது. பட்டியல் நீளும்.

நரம்பைக் கிளப்பிவிடுவது யார் என்பதுதான் எனக்கு மிகவும் சுவையாகப் பட்ட கேள்வி. 2016-ல் ஹாம்பர்க்கில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், மைக்ரேன் உள்ள ஒரு பெண்ணை முப்பது நாள் தினந்தோறும் காந்தப் படக் கருவிக்குள் அனுப்பினார்கள். வலி தொடங்குவதற்கு முந்தின இருபத்து நாலு மணி நேரத்தில், பசி, தூக்கம், தாகம் இவற்றை ஆள்கிற ஹைபோதலமஸ் என்ற மூளைப் பகுதியின் செயல் மாறியிருந்தது. வலிக்கு முந்தின நாள் கொட்டாவி கொட்டாவியாக வருவதும், இனிப்பின் மேல் ஆசை பாய்வதும், எரிச்சல் மூள்வதும் இதனால்தான். "சாக்லேட் தின்றேன், தலைவலி வந்தது" என்று பலர் சொல்வார்கள். தலைவலி உள்ளே புறப்பட்டுவிட்டதனால்தான் சாக்லேட்டைத் தேடினார்களோ என்னவோ!

அம்மாவின் விஷயம் எனக்கு இங்கேதான் புரிந்தது. ஹைபோதலமஸ் மாறுதலை விரும்பாத பேர்வழி. விருந்தாளி வருகிறார்கள் என்றால் அம்மா விடியற்காலை நாலு மணிக்கே எழுந்திருப்பாள். எல்லாரும் சாப்பிட்டு முடிய மூன்று மணி ஆகும். அது வரையில் அவள் வெறும் வயிற்றோடு அடுப்படியில் நிற்பாள். தூக்கக் குறைவு, பட்டினி, அனல். மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சட்டென்று இறங்குகிற நாட்களும் அதோடு சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. ஆச்சி கவனித்தது முற்றிலும் சரி. விருந்து நாளில்தான் மண்டையிடி வந்தது. காரணம் சொன்னதில்தான் பிசகு. இப்படிக் கவனித்துக் கண்ட இன்னொன்று, தலைக்குக் குளிப்பது. தலை குளித்தால் மைக்ரேன் வருகிற 94 பேரைப் பற்றி மும்பை மருத்துவர் ஒருவர் 2006-ல் எழுதினார். நம் பெண்கள் காலம் காலமாகச் சொல்லி வந்தது அப்போதுதான் மருத்துவப் பத்திரிகையில் ஏறியது.

இனி, நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம். முதல் முறை வலி வந்த பின் நான் மாத்திரைக்காரன் ஆனேன். முன்னே சொன்ன அந்தக் கூட்டு மாத்திரையைத்தான் விழுங்கினேன். முதலில் வலி வந்தால் ஒன்று. பிறகு வரும் போலிருந்தால் ஒன்று. பரீட்சைக் காலத்தில் வராமல் இருக்க ஒன்று. காலையில் எழும்போதே தலை கனத்தது, அதற்கும் ஒன்று. சுகாதார நிலையத்து டாக்டரம்மா, "தீர்ந்துபோன அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு வா" என்றார். எண்ணிப் பார்த்தோம். ஒரு மாதத்தில் இருபத்திரண்டு நாள்!

மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் என்பது கேலிப் பேச்சு அல்ல. மைக்ரேன் உடலில், பாராசிட்டமால், ஐபுப்ரோபென் போன்ற தனி மருந்தை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, எர்காட்டமினையோ ட்ரிப்டானையோ கூட்டு மாத்திரையையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு அதிகமாகச் சாப்பிட்டு வந்தால், தினத் தலைவலி என்ற புதிய நோய் குடியேறலாம் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் கையாளும் அளவுகோல். எலிகளுக்கு ட்ரிப்டானைத் தொடர்ந்து கொடுத்து வந்தபோது முப்பிரிவு நரம்பணுக்களில் சி.ஜி.ஆர்.பி. மிகுந்து, மருந்தை நிறுத்தின பின்னும் அவை கூச்சம் மாறாமல் இருந்தன. அடக்க வந்தவனே ஆள் சேர்த்துக் கொடுத்த கதை. டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தச் சொன்னார். முதல் பத்து நாள் பட்ட பாட்டை எழுத மனமில்லை. மூன்றாம் வாரம் ஒரு காலையில் கனம் இல்லாமல் விழித்தேன்.

அதன் பின் அவர் சொல்லித் தந்தவை சில. மைக்ரேன் வரும்போது இரைப்பை மந்தமாகிவிடுகிறது. வலி முற்றிய பிறகு விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும். ஆகவே வலி தொடங்கியவுடன், உரிய அளவில் சாப்பிட வேண்டும். ஆனால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். எர்காட்டமினையும் ட்ரிப்டானையும் 24 மணி நேரத்துக்குள் சேர்க்கக் கூடாது. இருதய நோய் உள்ளவர்களுக்கு இரண்டுமே ஆகா. அடிக்கடி வருபவர்களுக்கு வராமல் தடுக்கிற தினசரி மருந்துகள் இருக்கின்றன. ப்ரோப்ரனலால் அவற்றில் பழையது. மார்வலிக்காகக் கொடுத்த ஒரு நோயாளிக்குத் தலைவலியும் போயிற்று என்று 1966-ல் தற்செயலாகத் தெரிந்தது. விலை மலிவு, ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. இவற்றையெல்லாம் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும், பக்கத்து அறைக்காரரைக் கேட்டு அல்ல. இடி விழுந்தாற்போல் ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தது, கை கால் தளர்ச்சியோ வாய்க் குழறலோ உள்ளது, தலையில் அடிபட்ட பின் வந்தது, இவை மைக்ரேன் அல்ல என்று வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது அம்மாவை ஒரு நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் ஒரு தினசரி மாத்திரை எழுதிக் கொடுத்து, வலி வந்த நாளைக் காலண்டரில் குறித்து வரச் சொன்னார். அம்மா சிவப்பு மையால் குறிக்கிறாள். முதல் மாதம் நாலு, அடுத்த மாதம் இரண்டு. நான் ஆச்சிக்கு முப்பிரிவு நரம்பையும் அந்த 37 மணி மாலையையும் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பாதியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மறு வாரம் அம்மா படுத்திருந்த அன்று, ஆச்சி கைத்தடியை ஊன்றி எழுந்து போய் அந்த அறை ஜன்னலைத் தானே சாத்தினாள். "வெளிச்சம் ஆகாதாம்லா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, உலையை வைக்கப் போனாள்.